யானையும் அங்குசமும்

யானையை விலைக்கு வாங்கியவன், அங்குசம் வாங்கக் கையிற் காசில்லையென்று கலங்கி நின்றானாம். நம் முன்னோர் வேடிக்கையாகச் சொல்லிவைத்த பழமொழி இது. இன்று யானை வாங்குவார் நம்மிடையே இலர். ஆனால் அந்த மனிதனின் வாரிசுகளுக்கு எவ்வூரிலும் குறைவில்லை. வீரமுனையிலிருந்து காரைதீவுச் சந்திக்குச் சென்று, அங்கிருந்து கரையோர வீதியால் மாளிகைக்காடு, சாய்ந்தமருது ஊடாகக் கல்முனைக்கு ஒருமுறை போய்வாருங்கள். பல இலட்சம் ரூபாய் விலைபெறும் புதிய மோட்டார் சைக்கிளில், காலிற் செருப்புடன், தலையில் ஒன்றுமில்லாமல், சட்டைப் பையில் அனுமதிப் பத்திரமும் இல்லாமல் பறக்கின்ற இளைஞர் எத்தனை பேரைக் காண்பீர்கள்! யானை வந்துவிட்டது, அங்குசத்தைத்தான் காணவில்லை.

மோட்டார் சைக்கிள் ஓர் ஆடம்பரம் என்று கூறி, ஆசைப்படும் பிள்ளைகளின் வாயை அடைத்துவிடும் நோக்கம் எனக்கில்லை. நம் பகுதியின் அமைப்பை அறிந்தோர் அவ்வாறு கூறமாட்டார். வீடு ஓரிடம், வயல் பல கட்டைக்கு அப்பாலுள்ள வட்டையில். கச்சேரி அம்பாறையில்; கடைத்தெரு கல்முனையில்; தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில். பேருந்து ஓடும் வீதியில் ஓடும். ஓடாத வீதியில் நாம்தாம் நடக்கவேண்டும். தூரத்துப் பாடசாலைகளுக்கு நியமனம் பெற்ற ஆசிரியைகள் பலர், ஒரு சிறு ஸ்கூட்டர் வாங்கிய பின்னரே காலை உணவை ஆறுதலாக உண்டுவிட்டு வேலைக்குப் போகக்கூடியவர்களானார்கள். இலங்கையிற் பதிவுசெய்யப்பட்டுள்ள வாகனங்களிற் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் இந்நாட்டிற் கிடைத்துள்ள வாகனம் அதுதான். ஆகவே வாங்கலாமா என்று கேட்பதை விட, எந்த ஒழுங்கில் வாங்குவது என்று கேட்பதே பயனுடையது.

சென்ற அறுவடை முடிந்த கையோடு, என்னிடம் பயிலும் மாணவன் ஒருவனுடைய தகப்பனார் என்னைக் காண வந்தார். வேளாண்மை செய்பவர், கணக்கில் வல்லவர்.

“சேர், மகன் ஒரு மோட்டார் சைக்கிள் கேட்கிறான். முற்பணம் ஆயத்தமாக இருக்கிறது. எடுத்துக் கொடுக்கலாமா?”

“அனுமதிப் பத்திரம் எடுத்துவிட்டானா, அண்ணன்?”

“அதைப் பிறகு எடுப்பான், சேர். சைக்கிள் கையில் இருந்தால்தானே ஓடிப் பழகலாம்?”

“தலைக்கவசம்?”

“வாங்குகிற இடத்தில் ஒன்று சும்மா கொடுப்பார்களாம்.”

“மாதத் தவணை?”

“அடுத்த போகம் இருக்கிறதே!”

இந்த நான்கு வினாக்களும் நான்கு விடைகளும் நம் பகுதியிற் பெரும்பாலான வீடுகளின் கதை. அந்த விடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலிற் பணம். 2020 மார்ச் மாதத்தில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிற் பழைய மோட்டார் சைக்கிள், தான் புதிதாக இருந்தபோது விற்ற விலையிலும் கூடிய விலைக்குக் கைமாறிய விந்தையைக் கண்டோம். பெற்றோலின் கதையும் அத்தகையதே. 2022 தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாயாக இருந்த 92 ஒக்ரேன் பெற்றோல், அவ்வாண்டு ஜூன் முடிவில் 470 ரூபாயாயிற்று. ஜூலையில் அறிமுகமான தேசிய எரிபொருள் அனுமதி முறையில் ஒரு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றரே கிடைத்தது. வாகனத்தின் விலையும் அதன் தீனியின் விலையும் நம் கையில் இல்லை என்பதை அந்த ஆண்டுகள் நமக்கு நன்றாகக் கற்பித்தன. கையில் இல்லாதவற்றை நம்பிக் கடன் எழுதுவோர், கையில் உள்ளவற்றையாவது இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டாமா?

தவணைக் கடனின் கணக்கைக் கடதாசியில் எழுதிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. உதாரணத்துக்கு 3 இலட்சம் ரூபாய் கடன். நூற்றுக்கு 15 என்ற நிலையான வட்டி. காலம் 4 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 45,000. நான்கு ஆண்டுகளுக்கு 1,80,000. முதலும் வட்டியும் சேர்ந்து 4,80,000. மாதத் தவணை 10,000 ரூபாய். “பதினைந்து வட்டிதானே” என்று விற்பவர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நாம் மாதந்தோறும் முதலையும் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுக்கிறோம். கடைசி மாதத்திலும் முழு 3 இலட்சத்துக்கே வட்டி கட்டுகிறோம். குறைந்துவரும் முதலுக்கு ஏற்பக் கணக்கிட்டால் இந்த வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 25ஐத் தாண்டுகிறது. ஆதலின் கையொப்பமிடுமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: “இந்த வட்டி நிலையானதா, குறையும் முதலுக்கானதா? முடிவில் நான் கட்டும் மொத்தத் தொகை எவ்வளவு?” இவற்றுக்கு எழுத்தில் விடை தரத் தயங்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவதே மேல்.

இன்னொரு செய்தி. குத்தகைக் கடனில் எடுத்த வாகனத்தின் பதிவுப் புத்தகத்தை விரித்துப் பாருங்கள். உங்கள் பெயர் பதிவுசெய்த உரிமையாளராக இருக்கும். கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் பூரண உரிமையாளராக இருக்கும். கடைசித் தவணை கட்டி முடியும்வரை அது உங்கள் முற்றத்தில் நிற்கும் அவர்களுடைய வண்டி. தவணைகள் தவறினால் வண்டி போய்விடும். கட்டிய பணமும் அதனோடு போனதாகவே கொள்ளவேண்டும்.

வேளாண்மைக் குடும்பங்களுக்கு இங்கே தனியான ஆபத்து ஒன்றுண்டு. நமது வருவாய் போகத்துக்கு ஒருமுறை வருவது. பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில். சிறுபோக அறுவடை ஆவணியை அண்டி. தவணையோ மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வாசலில் வந்து நிற்பது. நெல் விற்ற கிழமையில் எந்தத் தவணையும் இலேசாகத்தான் தெரியும். விதைப்புச் செலவு, உரம், கிருமிநாசினி, பிள்ளைகளின் பாடசாலைச் செலவு எல்லாம் ஒன்றாகக் கூடும் கார்த்திகை, மார்கழியிலேதான் அதன் பாரம் தெரியவரும். அப்போது தாயின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். மகன் ஓடும் வண்டியின் ஓசை தெருவிற் கேட்கும்போதெல்லாம் வெறுங்கழுத்தைத் தடவிப் பார்க்கும் தாய்மாரை நான் அறிவேன். அவர்கள் மகனிடம் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

முற்பணத்துக்கும் தவணைக்கும் அப்பாற் சில்லறைச் செலவுகள் என்று நாம் நினைப்பவை, சேர்த்துப் பார்த்தாற் சில்லறையல்ல. காப்புறுதி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதியேனும் இல்லாமல் வீதியில் இறங்கச் சட்டம் இடந்தராது. வருமான அனுமதிப் பத்திரமும் ஆண்டுக்கொருமுறை. அதைப் பெறக் காப்புறுதிச் சான்றும் புகைப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். எண்ணெய் மாற்றுதல், சங்கிலியும் பற்சக்கரமும், தடுப்புக் கட்டைகள், டயர் என்பன ஓட ஓடத் தேய்வன. கடற்கரை உப்புக் காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும் என்பதைக் கரைவாகு மக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இவையனைத்தையும் ஆண்டுக்கு எழுதிக் கூட்டி, 12ஆல் வகுத்து, மாதத் தவணையோடு சேருங்கள். அதுவே வண்டியின் உண்மையான மாதச் செலவு.

பழைய வண்டி வாங்குவோர் இன்னுமொன்றைக் கவனிக்கவேண்டும். பதிவுப் புத்தகத்திலுள்ள அடிச்சட்ட இலக்கமும் இயந்திர இலக்கமும் வண்டியிலுள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்து வாசியுங்கள். பெயர் மாற்றாமல், முன்னைய உரிமையாளர் கையொப்பமிட்ட வெறும் படிவத்தோடு கைக்குக் கை மாறிவரும் வண்டி மலிவாகக் கிடைக்கும். அந்த மலிவுக்கு விலை, அதனால் ஒரு விபத்தோ வழக்கோ நேரும் நாளிலேயே தெரியும். நம்பிக்கையான ஒரு கராச்சு பாஸுக்குச் சிறுதொகை கொடுத்து, வாங்குமுன் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் செய்வது வீண்செலவன்று.

இனி அனுமதிப் பத்திரம். “அதைப் பிறகு எடுப்பான்” என்ற விடையிலேதான் பல வீடுகளின் துயரம் தொடங்குகிறது. சாரதி அனுமதிப் பத்திரம் பெற 18 வயது நிரம்பவேண்டும். தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவகத்தின் வைத்தியச் சான்றிதழ் வேண்டும். பின் எழுத்துப் பரீட்சை. அதிற் சித்தியெய்தினாற் பயிலுநர் அனுமதி. குறைந்தது மூன்று மாதப் பயிற்சியின் பின்னர் செய்முறைப் பரீட்சை. 100 கன சென்ரிமீற்றர் வரையுள்ள சிறிய வண்டிகளுக்கு ஒரு வகுப்பு. அதற்கு மேற்பட்டவற்றுக்கு இன்னொரு வகுப்பு. எதை ஓட்டப் போகிறோமோ அதற்குரிய வகுப்பையே பெறவேண்டும்.

இந்த மூன்று மாதத்தை ஓர் இடையூறாகவே இளைஞர் கருதுகின்றனர். நான் அதனைப் பாடசாலை என்றே சொல்வேன். மாரியில் நனைந்த வீதியில் முன் தடுப்பை அழுத்தினால் என்னாகும். அறுவடைக் காலத்தில் வீதியோரம் உலரப் போட்ட நெல்லின் மேற் சக்கரம் ஏறினால் என்னாகும். இருட்டிற் பின்விளக்கின்றிச் செல்லும் உழவு இயந்திரத்தின் பெட்டியும், வீதியின் நடுவே படுத்திருக்கும் மாடும் எவ்வளவு தூரத்திற் கண்ணுக்குத் தெரியும். இவற்றையெல்லாம் எந்தத் தரகரும் பணத்துக்கு வாங்கித் தரமுடியாது. வண்டி கையில் இருந்தால்தான் பழகலாம் என்பதும் சரியன்று. சாரதிப் பயிற்சிப் பாடசாலைகள் தமது வண்டியிலேயே பழக்கி, பரீட்சைக்கும் அதனையே தருகின்றன. அனுமதிப் பத்திரமின்றி ஓட்டி அகப்பட்டாற் பெருந்தொகைத் தண்டம். விபத்து நேர்ந்தாற் காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிடும். அடிபட்டவர் அயல்வீட்டுக்காரராக இருந்தால், இரண்டு குடும்பங்களும் ஆயுள் முழுவதும் முகங்கொடுத்துப் பேசமாட்டா. சில ஆயிரம் ரூபாயும் சில மாதப் பொறுமையும் செலவிட்டுப் பெறக்கூடிய ஒன்றுக்காக இவ்வளவையும் பணயம் வைப்பது எவ்விதத்திற் கெட்டித்தனம்?

மூன்றாவது தலைக்கவசம். இதற்கொரு வரலாறு உண்டு. முதலாம் உலக மகாயுத்தத்தில் அராபியரோடு சேர்ந்து போரிட்டுப் புகழ்பெற்ற ரி. ஈ. லோரன்ஸ் என்ற ஆங்கிலேயர் மோட்டார் சைக்கிளில் மோகங்கொண்டவர். 1935 மே 13ஆந் திகதி இங்கிலாந்திலே தம் இல்லத்துக்கு அருகே வந்துகொண்டிருந்தபோது, துவிச்சக்கர வண்டியிற் சென்ற இரு சிறுவர்களுக்கு விலத்த முயன்று தூக்கியெறியப்பட்டார். தலையிற் கவசமில்லை. ஆறு நாட்களின் பின் உயிர் நீத்தார். அவரைப் பராமரித்த வைத்தியர்களுள் ஒருவர் ஹியூ கெயர்ன்ஸ் என்னும் மூளைச் சத்திர நிபுணர். எத்தனையோ போர்முனைகளைக் கடந்த ஒருவர் ஒரு கிராமத்து வீதியில் இப்படி மாண்டது அவர் உள்ளத்தைத் தைத்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் தலைக்காயங்களை ஆராய்ந்து, கவசத்தின் பயனை 1941இல் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் எழுதினார். அவ்வாண்டின் முடிவுக்குள் பிரித்தானிய இராணுவம் கடமையிலுள்ள தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அங்கே அது சட்டமானது 1973இல். கெயர்ன்ஸ் காலமாகி 21 ஆண்டுகளின் பின்.

பிற்காலத்தில் உலகின் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டபோது, தலைக்கவசம் அணிவது இறக்கும் அபாயத்தை நூற்றுக்கு 42 அளவாலும், தலைக்காயத்தின் அபாயத்தை நூற்றுக்கு 69 அளவாலும் குறைக்கிறது என்று கண்டனர். இத்தனை சிறிய விலைக்கு இத்தனை பெரிய காப்பை வேறெந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஆனால் அது தலையில் இருக்கவேண்டும். நம் வீதிகளிற் கவசம் பெரும்பாலும் கைபிடியிலே தொங்குகிறது; பொலிசாரைக் கண்டவுடன் தலைக்கு ஏறுகிறது; சந்தி கடந்ததும் பழையபடி இறங்குகிறது. கவசம் பொலிசாருக்காக அன்று. கவசத்தின் உள்ளே வெண்மையான இறுகிய நுரைப் படை ஒன்றுண்டு; அடி விழும்போது அது நசுங்கித் தலைக்கு வரும் அதிர்ச்சியைத் தான் ஏற்றுக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கியது மீண்டும் பழைய நிலைக்கு வராது. ஆகையால் விழுந்தெழும்பிய கவசத்தையும், வரலாறு தெரியாத பழைய கவசத்தையும் வாங்காதீர்கள். இலங்கைத் தர நிறுவனத்தின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அணிந்து, நாடிப் பட்டியைப் பூட்டி, தலையை ஆட்டிப் பாருங்கள். கவசம் தனியாக ஆடினால் அது உங்கள் அளவன்று. சும்மா கிடைத்த கவசம் நல்லதாகவும் இருக்கலாம். ஆயினும் அது எந்தத் தலைக்கு அளவென்று கொடுப்பவர் அறியார். பின்னிருக்கையில் இருப்பவருக்கும் கவசம் கட்டாயம் என்பதை மறவாதீர்கள். ஆகவே ஒரு வண்டிக்கு இரண்டு கவசம். தந்தை கவசத்தோடும், பின்னால் தாய் வெறுந்தலையோடும், நடுவிற் குழந்தை பூத்தொப்பியோடும் செல்லும் காட்சி, அந்தக் குடும்பத்தில் யாருடைய தலை விலைமதிப்புள்ளது என்ற வினாவை எழுப்புகிறது.

உடையும் கவசத்தின் ஒரு பகுதியே. நம் வெயிலில் தடித்த தோற்சட்டை அணியச் சொன்னால் யாருஞ் செவிசாய்க்கமாட்டார். ஆனால் கணுக்கால் மறைக்கும் சப்பாத்து, முழுக்கைச் சட்டை, தடித்த துணியிலான நீளக் காற்சட்டை ஆகியன எவருக்கும் இயலும். கையுறை இருந்தால் இன்னும் நன்று. விழுபவன் முதலில் ஊன்றுவது உள்ளங்கையைத்தான். ஐப்பசிக்குமுன் ஒரு நல்ல மழையங்கி. பெண்பிள்ளைகள் சேலைத் தலைப்பு, சால்வை, அபாயா என்பவற்றின் நுனி பின்சக்கரத்திற் சிக்காவண்ணம் செருகிக்கொள்வதோடு, சக்கரத்துக்குத் தடுப்பும் பொருத்துவித்தல் வேண்டும். இந்தச் சிக்கலால் நேரும் விபத்து நொடிப்பொழுதில் நிகழ்வது.

இவ்வளவையும் வாசித்த பெற்றோர் ஒருவர், “பட்டியல் நீளமாக இருக்கிறது, பணம் எங்கே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் சொல்லும் வழி புதிதன்று. நம் தாய்மார் சீட்டுப் பிடித்துக் காட்டிய வழியே. வண்டியைக் கடைசியில் வாங்குங்கள். எந்தத் தவணையைக் கட்டலாம் என்று நினைக்கிறீர்களோ, அந்தத் தொகையை வண்டி வருமுன்னரே ஓராண்டுக்கு மாதந்தோறும் வங்கியிலோ, நம்பிக்கையான சீட்டிலோ போடுங்கள். முற்கூறிய உதாரணத்தில் மாதம் 10,000 வீதம் 12 மாதத்தில் 1,20,000 சேரும். அப்போது கடன் 3 இலட்சமன்று, 1,80,000 மட்டுமே. அதே வட்டி, அதே காலத்துக்கு மொத்த வட்டி 1,08,000 ஆகும். 72,000 ரூபாய் மிச்சம். மாதத் தவணையோ 10,000இலிருந்து 6,000க்கு இறங்கிவிடும். “விலை ஏறிவிடும், இன்றே எடுங்கள்” என்று விற்பவர் அச்சுறுத்துவார். சிறிது ஏறினாலும், அந்த 72,000 அதைத் தாங்கும்.

இந்த ஓராண்டு ஓர் ஒத்திகை. பன்னிரண்டு மாதமும் தவறாமற் பணம் போட்டவருக்குத் தவணை கட்டும் வலு உண்டு என்று உறுதியாகும். இடையில் நான்கு மாதம் தவறியவர், வண்டியையும் மானத்தையும் இழக்காமலே தம் வலுவின் எல்லையை அறிந்துகொள்கிறார். வேளாண்மைக்காரர் இதனையே வேறுவிதமாகச் செய்யலாம்: நெல் விற்ற அன்றே அடுத்த ஆறு மாதத் தவணையை எண்ணி, வேறு கணக்கிற் போட்டுவிடுவது. அவ்வாறு போட்டபின் விதைப்புக்குப் பணம் மிஞ்சவில்லையானால், அந்தப் போகத்தில் வண்டிக்கு நேரம் வரவில்லை என்று பொருள்.

அந்த ஓராண்டிற் பிள்ளை சும்மா இருக்கவேண்டியதில்லை. முதற் சில மாதச் சேமிப்பிலிருந்து வைத்தியச் சான்றிதழும் எழுத்துப் பரீட்சையும். அடுத்து பயிற்சியும் செய்முறைப் பரீட்சையும். பின்னர் அளவான இரண்டு தலைக்கவசமும் சப்பாத்தும் மழையங்கியும். வண்டி வாசலுக்கு வரும் நாளில் அனுமதிப் பத்திரம் பையிலும், கவசம் தலையிலும், பயிற்சி கையிலும் ஏற்கனவே இருக்கும். முதல் வண்டி சிறியதாக இருக்கட்டும். வலு குறைந்த வண்டி பெற்றோலும் குறைவாகக் குடிக்கும். புதியவனின் பிழைகளையும் ஓரளவு பொறுக்கும்.

முற்கூறிய தகப்பனாரிடம் நான் இவற்றைச் சொன்னபோது, அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். “மகன் கோபிப்பான், சேர்” என்றார். கோபிக்கட்டும். “வேண்டாம்” என்று சொல்லும் தகப்பனிடம் பிள்ளை கொள்ளும் கோபம் வேறு, “இந்தத் திகதியில், இந்த ஒழுங்கில் வாங்குவோம், வா, கணக்கை நீயே எழுது” என்று கொப்பியை நீட்டும் தகப்பனிடம் கொள்ளும் கோபம் வேறு. பின்னது இரண்டு நாளில் ஆறிவிடும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு குடும்பத்தின் வரவு செலவைத் திறந்து காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைப்பதரிது. தாயின் சங்கிலி எத்தனை முறை அடகுக்குப் போய்வந்தது என்பதும் அந்தக் கொப்பியில் ஓர் ஓரத்தில் எழுதப்படட்டும்.

வேகமாகப் போகும் ஆசை இளமைக்கு இயல்பு. அதைக் குறைகூறிப் பயனில்லை. அந்த ஆசைக்கு ஓராண்டுப் பொறுமையைக் கற்பித்துக் கொடுப்பது பெற்றோரின் கடமை. அங்குசத்தை முதலில் வாங்குங்கள். யானை எங்கும் ஓடிப்போகாது; உரிய காலத்தில் நம் வாசலுக்கு வந்தே தீரும்.